ஒரு பல்லுப் பிசகு

வலப்பக்கச் சிக்னல் செத்து மூன்று மாதம்.
உவர்மலை இறக்கத்தில் நான் கையை வெளியே நீட்டினால்
பின்சீற்றில் இருந்து இன்னும் ஒன்பது கைகள் நீளும்.
மை பட்ட கைகள், பிளாஸ்டர் ஒட்டிய கை,
ஒன்றில் பாதி கடித்த மாங்காய்.
பொலிஸ்காரர் சிரித்துவிட்டுத்தான் தண்டம் எழுதினார்.

ஞாயிறு காலை பற்றரி வயரைக் கழற்றினேன்.
ஹோர்ன் மூடி தயிர்ச்சட்டி மூடி மாதிரி
சொன்னவுடன் வந்தது.
நட்டும் ஒரு முனகலோடு சம்மதித்தது.
அதற்குப் பிறகுதான் டெலிக்கா தன் வயதைக் காட்டியது.
என்னைவிட இரண்டு வயது மூத்த ஸ்டியரிங்
அசையவே இல்லை.

கட்டாரில் இருந்து தவநேசன் போனில்:
"நட்டை முழுசாக் கழட்டாத,
மூண்டு புரி விட்டு வை.
இல்லாட்டி வந்த வேகத்தில மூக்கு உடையும்."
முழங்காலை முட்டுக் கொடுத்து இழுத்தேன்.
மரக்கட்டை வைத்துத் தட்டினேன்.
"அடி மேல அடி வை" என்றார்.
அம்மி நகர்ந்திருக்கும் இந்நேரம்,
நிலாவெளி வரைக்கும் போயிருக்கும்.

கேத்தல் தண்ணீரைக் கொதிக்க வைத்து
நடுக்குடத்தில் ஊற்றினேன். ஆவி மட்டும் வந்தது.
"இதுக்கு கன்னியாவின்ர ஏழு கிணறும் வேணும்" என்றேன்.
படம் உறைந்து நின்றது,
அவருடைய வாய் திறந்தபடி.

கிண்ணியாப் பாலம் தாண்டி பைறூஸின் கடையில்
புல்லர், நாள் வாடகை ஐநூறு.
"இறுக்கிப்போட்டு அதோட சண்டை பிடிக்காதீங்க,
போய்ச் சோத்தத் தின்னுங்க" என்றார்.
இறுக்கினேன். இன்னும் கால் சுற்று.
கை மணத்தைக் கழுவ மூன்று தடவை சவர்க்காரம்.

சூடைமீன் குழம்பில் இரண்டாம் பிடி பிசையும்போது
முற்றத்தில் இருந்து
டக்.

அவ்வளவுதான்.
அவ்வளவு அடிக்கும் அசையாதது
யாரும் பார்க்காத நேரம் பார்த்து
தானாக விட்டுக்கொடுத்திருந்தது.
எச்சில் கையோடு ஓடிப்போய் நின்றேன்.
அந்த மூன்று புரியில் தொங்கிக்கொண்டிருந்தது,
ஒன்றும் நடக்காத மாதிரி.

உள்ளே கறுத்த கிரீஸ்,
செத்த எறும்புகள்,
சுவிட்சின் மேல் ஒரு துண்டு பச்சை ரேப்.
ரேப்பில் பென்சிலால் ஓர் அம்புக்குறி,
பக்கத்தில் சிங்களத்தில் இரண்டு எழுத்து: உட.
மேலே என்று அர்த்தம்.
தமிழாக வாசித்தால்
உடை என்று சொல்ல வந்து
ஐகாரம் போட மறந்த மாதிரி.
குருநாகலில் இந்த வானை விற்றவரா,
அவருக்கு முன் வைத்திருந்தவரா தெரியாது,
யாரோ ஒருவர் இதே இடத்தில் வியர்த்திருக்கிறார்,
அடுத்து வருபவருக்குத் திசை எழுதி வைத்திருக்கிறார்.
ரேப்பை உரிக்கவில்லை.

பிழை என்று பார்த்தால்
தீக்குச்சித் தலையளவு கரி,
ஒரு செம்பு நாக்கில்.
மட்டைத்தாளால் தேய்த்தேன், நாக்கை நிமிர்த்தினேன்.
மூன்று மாதத் தண்டமும் ஒரு தும்மலில் பறந்தது.

திரும்பப் பூட்ட வேண்டிய இடத்துக்கு
நகப்பூச்சால் குறி வைத்திருந்தேன்.
மண்ணெண்ணெய்த் துணி அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டது.
குத்துமதிப்பாக வைத்து நட்டை இறுக்கினேன்.
கோட்டை வீதியில் ஓடிப் பார்த்தால்
வான் நேரே போகிறது,
ஸ்டியரிங் மட்டும் கடல் பக்கம் தலை சாய்த்திருக்கிறது.
"ஒரு பல்லுப் பிசகு. திரும்பக் கழட்டு" என்றார் தவநேசன்.
சிக்னல் சரியில்லை என்று
போனை வைத்தேன்.

திங்கட்கிழமை. வீதியின் நடுவில் இரண்டு மான்கள்
ஒரு கடதாசிப் பைக்காக நின்றன.
வலது பக்கம் வெட்டச் சிக்னலைப் போட்டேன்.
டிக் டிக் டிக்.
கண்ணாடியில் பார்த்தால் ஒன்பது கைகளும் வெளியே.
"உள்ள எடுங்கோ! இனித் தேவையில்லை!"
எட்டுக் கைகள் உள்ளே போயின.
மாங்காய் மட்டும்
மான்கள் பக்கம் நீண்டபடி.